ஆட்டுக்கறியும் வீட்டு மானமும்

மக்கள் உயிர்வாழ்தற்கு உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் இன்றியமையாதன என்பர் பெரியோர். அவற்றுள் உணவே தலையாயது என்பதை மறுப்பார் யாருமிலர். ஆயினும், நாட்டின் பெருஞ்செய்திகளைப் பற்றி மேடையேறி முழங்கும் நாம், நம் வீட்டு அடுப்பங்கரையில் நாள்தோறும் நிகழும் கணக்கைப் பற்றி வாய்திறப்பதில்லை. அஃது அன்னையர் கணக்கு. கற்றோர் ஆராய்தற்குரிய பொருளன்று என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஒரு குடும்பம் கடன்பட்டுத் தாழ்வதும், கடனின்றி நிமிர்ந்து நிற்பதும் பெரும்பாலும் அவ்வடுப்பங்கரையிலேயே முடிவாகின்றன என்பதை எண்ணிப் பார்ப்பார்க்கு, இப்பொருள் எளியதாகத் தோன்றாது. ஆதலின், ஆட்டிறைச்சி என்னும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அஃது எளியோர்க்கு எட்டாத பொருளாயினமைக்குக் காரணம் யாது, எட்டும் வழி யாது, எட்டாதவிடத்து எதனை உண்ணலாம் என்பனவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

முதலில் விலையைக் காண்போம். மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலையுறுதித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டிற்கென நம் மாநிலத்திற்கு வகுக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். அவ்வாண்டில் ஒரு கிலோ ஆட்டிறைச்சி நம் நகரங்களில் 700 ரூபாய்க்குக் குறைந்து கிடைத்ததில்லை. வெயிலில் நின்று மண் வெட்டிய ஒருவர் இரண்டு நாட்கூலியை முழுவதும் கொண்டுபோய்க் கொடுப்பினும், கறிக்கடைக்காரர் ஒரு கிலோவை நிறுத்துக் கொடுக்கமாட்டார் என்பது இதனால் விளங்கும். அரிசியும் பருப்பும் எண்ணெயும் அதன் பின்னரன்றோ வாங்கவேண்டும்?

இனி, இவ்விலையை அவ்வாட்டை வளர்ப்பவர் பக்கத்தினின்றும் நோக்குவோம். யான் பிறந்து வளர்ந்தது தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையின் அடிவாரத்தில். தருமபுரி நகரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், கொண்டையூசி வளைவுகள் பலவற்றைக் கடந்து ஏறினால் அம்மலையை அடையலாம். பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு, நாயக்கனூர் முதலிய சிற்றூர்கள் ஆங்கே உள்ளன. அவற்றில் வாழ்வோருட் பெரும்பாலார் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயர் கேட்டுக் கேரள நாட்டினர் என எண்ணற்க. சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லி மலை ஆகியவற்றிலும் வாழும் தமிழ் பேசும் மலைவாணர் இவர். சாமையும் கேழ்வரகும் காப்பியும் மிளகும் இவர்தம் விளைபொருள்கள். இவற்றோடு ஆடும் வளர்ப்பர். சேலம், தருமபுரி, கிருட்டிணகிரி முதலிய மாவட்டங்களுக்கே உரிய சேலம் கருப்பு என்னும் வெள்ளாட்டினம் இப்பக்கத்தில் பெயர்பெற்றது.

ஆடு வளர்க்கும் வீட்டில் ஆட்டுக்கறி மலிந்து கிடக்கும் என எண்ணுவது இயல்பு. உண்மை அதற்கு மாறானது. ஆடு அவ்வீட்டாரின் உண்பொருளன்று, அவர்தம் வங்கி. சூன் திங்களில் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஓராடு போகும். முதியவர் நோயுற்றால் மற்றோராடு போகும். மகளின் திருமணத்திற்குப் பட்டியே போகும். ஆட்டை ஓட்டிச் சென்று விற்றவர், திருவிழா நாளில் அரைக்கிலோ கறிக்கு அடிவாரத்துக் கடையில் கடன் சொல்லி நிற்பதை எம்மூரார் பலரும் அறிவர். விளைவித்தவனே வாங்கமாட்டாது நிற்கும் இந்நிலை நம் நாட்டில் நெல்லுக்கும் உண்டு, நெசவுக்கும் உண்டு. ஆட்டிற்கு மட்டும் அது நேராதிருக்குமோ?

விலை ஏறுதற்குரிய காரணங்கள் பல. ஆடு சினைப்பட்டு ஏறக்குறைய ஐந்து திங்கள் கழித்தே குட்டி ஈனும். அக்குட்டி கறிக்கு ஏற்றதாய் வளர மேலும் பல திங்கள் வேண்டும். பிராய்லர்க் கோழியோ ஏறக்குறைய ஆறே வாரத்தில் இரண்டு கிலோ எடையை எட்டிவிடுகின்றது. மேய்ச்சல் நிலம் ஆண்டுதோறும் சுருங்குகின்றது. ஆட்டின் பின்னே கோலெடுத்துச் சென்ற சிறுவர் இன்று பள்ளிக்குச் செல்கின்றனர். அது நாம் மகிழ்தற்குரிய மாற்றமே. உண்போர் தொகையோ பெருகிக்கொண்டே வருகின்றது. இக்காரணங்களை நாம் மாற்றவியலாது. ஆயினும் மாற்றத்தக்க காரணம் ஒன்று உண்டு. அது சந்தையில் உள்ளது.

நல்லம்பள்ளியிற் செவ்வாய்க்கிழமையும், போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமையும் கூடும் வாரச்சந்தைகள் ஆட்டு வாணிகத்திற்குப் பெயர்போனவை. இத்தகைய சந்தைகளில் ஆடு பெரும்பாலும் நிறையால் விற்கப்படுவதில்லை, கண்மதிப்பால் விற்கப்படுகின்றது. வாங்குவோர் ஆட்டின் முதுகைத் தடவிப் பார்ப்பர், தூக்கிப் பார்ப்பர், துண்டின் மறைவில் தரகரோடு விரல் பிடித்து விலை பேசுவர். நாள்தோறும் ஆடு வாங்கும் வியாபாரியின் கண் தராசுக்கு நிகரானது. ஆண்டிற்கு இரண்டு ஆடு விற்கும் மலைவாணரின் கண் அத்தகையதன்று. இழப்பு யாருடையது என்பது சொல்லாமலே விளங்கும். பின்னர், தரகர் கூலி, வண்டிக் கூலி, கடை வாடகை, அறுப்புக் கூலி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி, உண்பவர் தலையில் வந்து அமர்கின்றன. விற்றவரும் நிறைவடைந்திலர், வாங்கியவரும் நிறைவடைந்திலர்.

இதற்கு மருந்து புதிதாகத் தேடவேண்டியதில்லை. நம் முன்னோர் கண்ட பங்குக்கறி முறையே அது. பத்துக் குடும்பத்தார் ஒன்றுகூடி, வளர்ப்பவரிடமே நேரிற் சென்று, ஓராட்டை வாங்கி, அறுத்துக் கூறு போட்டுக்கொள்வர். உயிரோடு 20 கிலோ எடையுள்ள ஆட்டில், தோலும் தலையும் குடலும் நீங்கலாக ஏறக்குறைய 9 அல்லது 10 கிலோ கறி எலும்போடு தேறும். ஆகவே பத்துக் குடும்பத்தார்க்கும் ஏறக்குறைய ஒவ்வொரு கிலோ கிடைக்கும். தலை, கால், குடல், ஈரல், இரத்தம் ஆகியன அதற்கு மேற்பட்டவை. இக்கணக்கை நினைவிற்கொண்டு, ஆட்டைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்து வாங்கினால், வளர்ப்பவர்க்கு உரிய விலை கிடைக்கும். உண்பவர்க்கும் இடையில் ஏறும் செலவு மிஞ்சும். ஒரே நாளிற் பெருந்தொகை தரவியலாதார்க்கெனவே வாரந்தோறும் சிறுதொகை சேர்க்கும் கறிச்சீட்டு என்னும் வழக்கமும் நம் ஊர்களில் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இச்சீட்டுப் பிடிப்பார் பலர். நம் கிறிஸ்தவக் குடும்பத்தாரும் கிறிஸ்துமஸ் பெருநாளுக்கு இதனைக் கைக்கொண்டால், திசம்பரில் வாங்கிய கடனைச் சித்திரை வரையில் தீர்த்துக்கொண்டிருக்க நேராது.

கடையிலே வாங்குவோர்க்கும் சில சொல்வேன். தொடைக்கறியே கறி என்று கேட்டு வாங்குவது பலர் வழக்கம். கழுத்தும் மார்க்கண்டமும் முன்னங்காற் சந்தும் மெல்ல வேகும் இயல்பின. ஆயினும் நெடுநேரம் கொதிக்கக் கொதிக்க அவற்றின் நாரும் சவ்வும் கரைந்து குழம்பிற்குத் தடிப்பும் சுவையும் தருகின்றன. ஒரு துண்டு பப்பாளிக்காயை இட்டால் முற்றிய கறியும் விரைந்து மென்மையுறும். ஈரல் இரும்புச்சத்திலும் வைட்டமின்களிலும் தசைக்கறியை விஞ்சுவது. சுவரொட்டி எனப்படும் மண்ணீரலைக் குருதி குன்றியவர்க்குச் சுட்டுக் கொடுப்பது நம் பாட்டிமார் மரபு. குடலைச் சுண்ணாம்பும் வெந்நீரும் கொண்டு தூய்மை செய்து சமைப்பது உழைப்பு மிகுந்த வேலையே. அவ்வுழைப்பின் பயனும் மிகுதி. தலைக்கறியும் காற்சாறும் அவ்வாறே. ஆட்டின் ஒரு பாகத்தை மட்டும் விரும்பி ஏனையவற்றை இகழ்வதாலன்றோ, அவ்வொரு பாகத்தின் விலை மேலும் மேலும் ஏறுகின்றது?

மலிவெல்லாம் மலிவன்று என்பதையும் ஈண்டே உரைத்தல் வேண்டும். நோயுற்ற ஆட்டையும், தானே இறந்த ஆட்டையும் கூறு போட்டு அடிமாட்டு விலைக்கு விற்போர் உளர். அடைப்பான் நோய் கண்ட ஆட்டைத் தொட்டு அறுப்பவர்க்கும், அதனை உண்பவர்க்கும் அந்நோய் பற்றும், உயிரையும் வாங்கும். அத்தகைய கறியை வறுமை காரணமாகவும் வாங்குதல் கூடாது. பங்குக்கறிக்கு ஆடு வாங்குவோர், கால்நடை மருத்துவரிடம் அதனைக் காட்டித் தெளிந்து, தூய இடத்தில் அறுத்து, அன்றைக்கே சமைத்துண்பது நலம்.

இனி, ஆட்டிறைச்சியே இன்றி நிறைவான உணவு உண்டோ எனின், உண்டு. அதனை வேற்று நாட்டில் தேடவேண்டுவதில்லை. நம் தருமபுரிச் சீமையிலேயே காணலாம். மார்கழியிலும் தையிலும் பச்சை மொச்சையை ஊறவைத்துத் தோல் பிதுக்கிச் செய்யும் பிதுக்குப் பருப்புக் குழம்பை அறியாதார் இப்பக்கத்தில் இலர். கறிக்கு அரைக்கும் அதே கொத்தமல்லி, மிளகு, பட்டை, சோம்பு, தேங்காய் ஆகியவற்றை அரைத்து அதில் ஊற்றிக் கொதிக்கவைத்தால், கேழ்வரகுக் களியோடு உண்பார் கறியை நினையார். உலர்ந்த கொள்ளு 100 கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் உள்ளது. மொச்சையும் அதற்குக் குறைந்ததன்று. ஆட்டிறைச்சியிலோ 20 கிராம் அளவே. வேகவைத்த பருப்பு நீரை ஈர்த்துப் பெருகுதலின் ஒரு கிண்ணத்திற்கு அத்தனையும் கிட்டாது; பருப்பிலுள்ள இரும்புச்சத்தும் கறியிலுள்ளதைப் போல எளிதில் உடலிற் சேர்வதில்லை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் உண்டால் இக்குறை ஓரளவு நீங்கும். பயறு வகைகளில் இல்லாத பி12 என்னும் வைட்டமினுக்கு முட்டையும் பாலும் கருவாடும் துணையாகும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. நாமக்கல் முட்டை நமக்கு அண்டை வீட்டுப் பண்டம் அன்றோ? நம் மாநிலத்துச் சத்துணவுக் கூடங்களில் பிள்ளைகளுக்கு முட்டை வழங்கப்படுவதும் இப்பயன் கருதியே.

இரண்டையும் கலந்து சமைப்பது யாவற்றினும் சிறந்த வழி. காற்கிலோ எலும்புக்கறியை மொச்சையோடும் கத்தரிக்காயோடும், அன்றிச் சுரைக்காயோடும் வாழைக்காயோடும் சேர்த்துக் குழம்பு வைப்பின், ஆறுபேர் கொண்ட குடும்பத்திற்குக் கறிச்சுவையும் உண்டு. வயிறு நிறையவும் உண்டு. எம் வீட்டில் ஞாயிறுதோறும் இவ்வாறே நடைபெறுகின்றது. சட்டியில் மொச்சை எத்தனை, கறி எத்தனை என்று எண்ணுவதை எம் அன்னையார் எங்களுக்கு இளமையிலேயே விலக்கிவிட்டார்.

இத்துணையும் கேட்டபின், "இவையெல்லாம் யாம் அறியாதனவோ? விருந்தினர் முன் கொள்ளும் குடலும் வைத்தால் எம் மானம் என்னாவது?" என வினவுவார் உளர். இவ்வினாவிலேதான் நோயின் வேர் உள்ளது. ஆட்டுக்கறி சமைத்தால் மதிப்பு, கோழி சமைத்தால் அதனிற் சிறிது குறைவு, கருவாடும் குடலும் வைத்தால் இழிவு என்று ஓர் ஏணியை நாமே கட்டிவைத்திருக்கின்றோம். ஆட்டிறைச்சியின் விலையில் ஏறக்குறைய பாதிக்குக் கிடைக்கும் மாட்டிறைச்சியை உண்போரை, அவ்வேணியின் அடியிலும் நிற்கவிடாது தள்ளுகின்றோம். இது நாவின் சுவை பற்றி எழுந்த ஏணி அன்று. சாதியும் செல்வமும் பற்றி எழுந்தது. மலைவாணரின் சாமைச் சோற்றை ஏழையுணவு என்று நெடுங்காலம் இகழ்ந்த நகரத்தார், இன்று அதனையே மருத்துவர் சொற்கேட்டு நெல்லரிசியினும் மிகுந்த விலை கொடுத்து வாங்குகின்றனர். இகழ்ச்சியும் புகழ்ச்சியும் பண்டத்தில் இல்லை; பார்ப்பவர் கண்ணில் உள்ளன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? விரலுக்கேற்ற வீக்கம் என்னும் பழமொழியைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் நாம், மணவீட்டுப் பந்தியில் அதனை மறந்துவிடுகின்றோம். ஓராட்டுக் கறிக்காகப் பட்ட கடனுக்கு, அடுத்த ஆண்டு பட்டியில் உள்ள ஆட்டையே விற்று வட்டி கட்டும் குடும்பத்தின் மானம் எங்கே நிற்கின்றது?

இவற்றினும் பெரிதாக யான் கருதும் ஒன்றை இறுதியிற் கூறுகின்றேன். விலை எத்துணைக் குறையினும், வீட்டினுள் கூறு நேராகப் போடப்படாவிடின் பயனில்லை. கறி சமைக்கும் நாளில் முதற்பந்தி ஆடவர்க்கு, அடுத்தது ஆண்பிள்ளைகட்கு, பின்னர்ப் பெண்பிள்ளைகட்கு, சமைத்த தாய்க்குச் சட்டியில் ஒட்டிய மசாலையும் ஓர் எலும்பும். இது யாருடைய கொடுமையாலும் நிகழ்வதன்று, வழக்கத்தால் நிகழ்கின்றது. அன்னையும் அதனை அன்பென்றே எண்ணி முகமலர்ந்து செய்கின்றாள். ஆயின் 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதிற்குட்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையர் எனக் காட்டியது. இரத்தசோகைக்குக் காரணங்கள் பல உள. உணவு ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. ஆயினும், இரும்புச்சத்து மிகுதியும் வேண்டப்படுபவர்க்கு அச்சத்து மிகுந்த உணவு கடைசியிற் சென்று சேர்கின்றது என்பதை யாரே மறுப்பர்? விலையுயர்ந்த தொடைக்கறியை அவர்க்கு வாங்கித் தருக என்கின்றேனல்லேன். ஈரலையும் சுவரொட்டியையும், மலிவாகக் கிடைக்கும் முட்டையையும் முதலில் அவர் இலையில் வைக்கலாம்.

இது தமிழர்க்குப் புதிய அறமன்று. தகடூர் என்று பண்டு வழங்கியது இக்காலத்துத் தருமபுரியே. அதனை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. நெடுவாழ்வு தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு அவன் ஈந்த செய்தியை நாம் அறிவோம். அவன் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டொன்று புறநானூற்றில் உள்ளது. அதனுள் அவர் அவனுடைய வெற்றிகளை முன்னே வைத்துப் புகழவில்லை. உண்டபோது அவன் நடந்துகொண்ட முறையையே நினைந்து அழுகின்றார். எலும்போடு கூடிய ஊன்துண்டம் கிடைத்தவிடமெல்லாம் அதனைத் தமக்கு அளித்ததையும், அம்பும் வேலும் பாயும் இடத்திலே தானே நின்றதையும் ஒருசேர எண்ணிப் புலம்புகின்றார். ஓர் அரசனின் பெருமை, நல்ல கறித்துண்டை யார்க்கு அளித்தான் என்பதால் அளக்கப்பட்ட நாடு இது. அந்நாட்டிலே இன்று நல்ல துண்டம் பெண்ணின் இலைக்குச் செல்லும் வழியை மறந்துவிட்டது எனின், நாம் இலக்கியம் கற்றதன் பயன் என்னை?

ஆதலின், மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு நும் இல்லம் செல்லும்போது மூன்று செயல்களை மேற்கொள்வீராக. உறவினரும் அண்டையரும் கூடிப் பங்குக்கறி வாங்குதற்கு முன்னின்று, வளர்ப்பவரிடமே நிறுத்து வாங்குமின். மொச்சையும் கொள்ளும் குடலும் கருவாடும் விருந்தினர் இலையில் நாணமின்றி இடப்படுமாறு செய்ம்மின். கற்ற பிள்ளை அவற்றை விரும்பி உண்பானாயின், ஊரார் நாணமும் மெல்ல அகலும். சட்டியினின்று கறி எடுத்து வைக்கும் அகப்பையை ஒருநாளேனும் நும் கையில் வாங்கி, முதற்கூற்றை அன்னைக்கும் தங்கைக்கும் இடுமின். ஆட்டிறைச்சியின் விலையை நாம் ஒரு நாளிற் குறைக்கமாட்டோம். அதன் பொருட்டு நம் இல்லங்கள் செலுத்தும் வேறு விலைகளை இன்றே குறைக்கலாம். வளர்ப்பவரும் உண்பவரும் பரிமாறுபவரும் ஒருங்கே நிறைந்து வாழ்க!